கோல் வாங்காமல் இருக்க: கோச்சா, ஸ்டாப்பரா?

குன்னூரில் எங்கள் கால்பந்து டீமிடம் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும்: ஒரு கோச், இல்லாவிட்டால் ஊட்டியிலிருந்து ஒரு நல்ல ஸ்டாப்பர் (பின்வரிசையின் நடுவில் நின்று தடுப்பவர்).

பலன்
கோச்: 2021 ஜனவரியில் கோச் டுக்கல் வந்தபோது இங்கிலாந்து கிளப் செல்சியில் ஆட்கள் அதே ஆட்கள்தான். ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கில், தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் சுற்றுகளில் 7 ஆட்டம், வாங்கியது 2 கோல், கோப்பையும் கையில்.
ஆள்: இன்னொரு இங்கிலாந்து கிளப் லிவர்பூலில் கோச் மாறவில்லை, 2018 ஜனவரியில் ஸ்டாப்பர் வான் டைக் வந்தார். 2016-17 லீக்கில் 42 கோல் வாங்கிய அணி 2018-19இல் வாங்கியது 22. (கோலி அலிசனும் புதுசு, அதையும் சொல்லிவிடணும்.)

நீடிப்பு
ஆள்: 2020 அக்டோபரில் வான் டைக்குக்கு முட்டி போனது. அந்த சீசனில் லீக்கில் வாங்கியது மறுபடி 42 கோல்.
கோச்: பழக்கம் காலில் ஊறிவிட்டால் ஒருவர் இல்லாவிட்டாலும் பின்வரிசை நிற்கும்.

செலவு: வான் டைக் 7.5 கோடி பவுண்டு. எங்கள் கணக்கிலும் கோச்தான் மலிவு.

போன ஞாயிறு எங்கள் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் மூடுபனி இறங்கியது. பின்னால் நான்கு பேரும் பந்தை நோக்கியே ஓடினார்கள், 'ஆள் விடாதே' என்று கத்த ஒருவரும் இல்லை. தூரத்துக் கோல் கம்பத்தருகே தனியாக நின்ற எதிரணிக்காரன் நிதானமாகத் தட்டிவிட்டான்.

வரிசை சரியாக நின்றும் தலைக்கு மேல் வரும் பந்தில் தோற்கிற டீம் ஸ்டாப்பரைத் தேடட்டும். எங்களுக்கு இப்போதைக்குக் கோச்.