நாலு மணிக்கும் சுடச்சுடச் சாப்பாடு: பாரிஸ் புய்யோன் ஷார்த்தியே

பாரிசில் சாப்பாட்டுக்கடைக் குசினிகளில் வேலை செய்கிற எங்களுக்கு ஒரு வழமையான சிக்கல் உண்டு. மத்தியான வேலை மூன்று மணிக்கு முடியும். இரவு வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் காணாது. பசிக்கிறதோ அப்போதுதான். ஆனால் அந்த நேரத்தில் நகரத்தின் பெரும்பாலான பிஸ்த்ரோக்களில், அதாவது சின்னச் சாப்பாட்டுக்கடைகளில், அடுப்பு அணைந்திருக்கும்; கேட்டால் கோப்பியோ பியரோ தருவார்கள், அவ்வளவுதான். புய்யோன் ஷார்த்தியே என்ற பழைய சாப்பாட்டுக்கடையில் காலை 11:30 இலிருந்து நள்ளிரவு வரை இடைவிடாமல் சமைக்கிறார்கள், கிழமையில் ஏழு நாளும். நான் முதலில் அங்கே போனதற்குக் காரணம் இந்த நேர வசதிதான். இப்போது விடுமுறை நாளிலும் போகிறேன் என்றால் அதற்குக் காரணம் வேறு.

இடம் கண்டுபிடிப்பது சுலபம். மெட்ரோ 8 அல்லது 9 எடுத்து கிரான் புல்வார் நிலையத்தில் இறங்கினால், ஃபொபூர் மொன்மார்த்ர் தெருவில் ஏழாம் இலக்கம். தெருவில் பெயர்ப்பலகை மட்டும் தெரியும். உள்ளே ஒரு ஒடுங்கிய வழி, அதைத் தாண்டி முற்றம், முற்றத்தில் வரிசை. முன்பதிவு கிடையாது, அதனால் சனி இரவுகளில் சரியான சனம். ஆனால் வரிசை கெதியாக நகரும். நாலு மணிக்குப் போனால் அநேகமாக நேரே உள்ளே போய்விடலாம்.

உள்ளே போனதும் கண் மேலேதான் போகும். கண்ணாடிக் கூரை, உருண்டை விளக்குகள், சுவர் நிறையப் பெரிய கண்ணாடிகள், மேசைகளுக்கு மேலே ரயில் பெட்டியில் இருக்கிறமாதிரிப் பித்தளைத் தட்டுகள். கோட்டையும் பையையும் அதில் போடலாம். ஃபிரெதெரிக், கமீல் என்ற ஷார்த்தியே சகோதரர்கள் 1896 இல் தொடங்கிய கடை. 1989 இலிருந்து அரசு பாதுகாக்கும் வரலாற்றுச் சின்னம். இலக்கமிட்ட சின்னச் சின்ன மர லாச்சிகளை இன்னும் பார்க்கலாம். வழமையாக வருகிறவர்கள் தங்கள் துணித் துவாயை அதில் வைத்துவிட்டுப் போவார்களாம். நாளாந்தம் வந்து சாப்பிட்ட தொழிலாளிக்குக் கடைக்குள் சொந்தமாக ஒரு லாச்சி இருந்திருக்கிறது. சுவரில் ஒரு பெரிய ஓவியமும் உண்டு. ஜெர்மோன் என்ற ஓவியர் 1929 இல், தன் சாப்பாட்டுக் கடனைத் தீர்க்க வரைந்து கொடுத்தது என்று சொல்கிறார்கள்.

புய்யோன் என்பது இறைச்சி அவித்த சாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் துயுவால் என்ற இறைச்சிக் கடைக்காரர், லே ஆல் சந்தையில் வேலை செய்தவர்களுக்குச் சூடான சாறும் அவித்த இறைச்சியும் குறைந்த விலையில் கொடுக்கத் தொடங்கினார். நல்ல துண்டுகளைப் பணக்கார வீடுகள் வாங்க, மிஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் காசாக்க அவர் கண்ட வழி அது. அதைப் பார்த்து நகரம் முழுக்க இப்படியான கடைகள் பெருகின; அவற்றுக்கும் புய்யோன் என்றே பெயர். பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டுப்பட்டன. சில வருடங்களாகத்தான் திரும்பவும் புய்யோன்கள் முளைக்கின்றன. ஷார்த்தியே இடையில் நிற்கவேயில்லை. மூன்று தட்டுச் சாப்பாடு, அதாவது முன்னுணவு, பிரதான உணவு, இனிப்பு எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு 20 முதல் 25 யூரோவுக்குள் முடிக்கலாம். பாரிசின் நடுவில், வெள்ளைக் கடதாசி விரித்த மேசையில் இருந்து, ஆள் வந்து பரிமாற, இந்த விலை!

இனிச் சாப்பாடு. என் கையில் கத்தி பிடித்துப் பழகிய நாளிலிருந்து ஒரு கடையை நான் அளப்பது அதன் முட்டை மயோனைஸால்தான். மிக மலிவான தட்டு, ஒளிக்க இடமில்லாத தட்டு. முட்டையைக் கூட அவித்தால் மஞ்சளைச் சுற்றிச் சாம்பல்பச்சை வளையம் விழும். அவியல் குறைந்தால் வெட்டும்போது வழியும். மயோனைஸுக்கு மஞ்சள் கருவும் கடுகும் எண்ணெயும்தான். எண்ணெயைத் துளித்துளியாக விடப் பொறுமை வேண்டும், அவசரப்பட்டால் திரிந்துவிடும். இங்கே முட்டை வடிவாக அவிந்திருக்கும், சோஸில் கடுகின் காரம் மூக்கில் ஏறும். பிரான்சில் இந்தத் தட்டைக் காப்பாற்றவென்றே ஒரு சங்கம் இருக்கிறது, போட்டியும் வைக்கிறார்கள். அவர்களின் அக்கறை எனக்கு நன்றாக விளங்குகிறது.

லீக்ஸை, அதாவது வெங்காய இனத்து மரக்கறியை, அவித்து வினிகர் சோஸ் ஊற்றிக் கொடுப்பதும் நல்லது. நத்தை சாப்பிடாதவர்கள் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள் என்று நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் உள்ளியும் பார்ஸ்லியும் போட்டு உருக்கிய அந்த வெண்ணெயைப் பாணில் தொட்டுச் சாப்பிடாமல் எழும்புவது பாவம்.

பிரதான உணவில் நான் திரும்பத் திரும்பக் கேட்பது வாத்துக் கொன்ஃபி. வாத்துக் காலை உப்பில் ஊறவைத்து, பிறகு வாத்துக் கொழுப்பிலேயே, கொதிக்க விடாமல், மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவிடுவார்கள். குளிரூட்டி இல்லாத காலத்தில் தென்மேற்குப் பிரான்சின் தோட்ட வீடுகளில் இறைச்சியை மாதக்கணக்கில் வைத்திருக்கக் கண்ட முறை அது. பரிமாறுமுன் தோல் மொறுமொறுக்கச் சூடாக்குவார்கள். இறைச்சி கத்தி தேவையில்லாமல் எலும்பை விட்டு வரும். மாடு சாப்பிடாத எங்கள் ஆக்களுக்கு இது நல்ல தேர்வு. உறைப்பு இல்லையே என்று யோசிப்பவர்கள் கடுகுச் சாடியைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள், அது போதும். ஆந்துயியெத் என்று பட்டியலில் கண்டால், அது பன்றிக்குடலை அடைத்த சொசேஜ் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். மணம் பலமானது. குடல் கறி சாப்பிட்டு வளர்ந்த எனக்குப் பிடிக்கும், என் மனைவி அந்த மேசையில் இருக்கவே மாட்டாள். முழு மரக்கறிக்காரருக்கு முன்னுணவில் நல்லது நிறைய உண்டு, பிரதான உணவில் குறைவு. நேரே கேட்டுவிடுங்கள்.

ஆனாலும் இந்தக் கடையில் நான் அதிகம் மதிப்பது பரிமாறுகிறவர்களைத்தான். கறுப்பு வெயிஸ்ட்கோட், கணுக்கால் வரை வெள்ளை ஏப்ரன். என்ன கேட்டாலும் மேசையில் விரித்த கடதாசியிலேயே பேனாவால் கிறுக்குவார்கள். கடைசியில் அதே கடதாசியில் கூட்டிப் பில் போடுவார்கள். கை நிறையத் தட்டு அடுக்கிக்கொண்டு, நெருக்கி வைத்த கதிரைகளுக்கு நடுவில் ஓடுவார்கள். நான் பாரிசுக்கு வந்து கோப்பை கழுவுகிற வேலையில் தொடங்கியவன். தட்டு எவ்வளவு பாரம், சூடு எப்படிச் சுடும், பத்து மணிநேரம் நின்றால் கால் எப்படியிருக்கும் என்பது தெரியும். அதனால் அவர்கள் வேலையைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை வருகிறது. அவர்களும் அதே மரியாதையைத் தருகிறார்கள். கோட்டு சூட்டுப் போட்டவருக்கும், வேலைச் சப்பாத்தோடு வந்த எனக்கும் ஒரே "பொன்ஜூர் மிசியே", ஒரே வேகம், ஒரே பாண் கூடை.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். இடம் இல்லாவிட்டால் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் இருத்திவிடுவார்கள். எங்களுக்கு எதிரே ஒரு வயதான பிரெஞ்சுத் தம்பதி. அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பெண்மணி தன் சுக்ருத் தட்டைக் காட்டி ஏதோ சொல்ல, அம்மா எட்டிப் பார்த்து, "புளிக்க வைச்ச கோவா போல கிடக்கு தம்பி" என்றார். சரியாகத்தான் சொன்னார்; அல்சாஸ் பக்கத்து முறை, உப்பில் புளிக்க வைத்த கோவாதான் அது. சாப்பிட்டு முடியும் வரை அம்மா பரிமாறிய பெடியனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சத்தத்துக்கையும் அவன் ஒண்டும் மறக்கேல்லை, பார்" என்றார்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. வேறொரு பிஸ்த்ரோவில், நாங்கள் வாய் திறக்கும் முன்னே போத்தல் தண்ணீரைத் திறந்து வைத்துப் பில்லில் போட்டார்கள். சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீரும் பாணும் பிரான்சில் இலவசம். "உன் கராஃப் தோ" (ஒரு சாடி தண்ணீர்) என்று கேட்டால் எந்தக் கடையிலும் கொண்டுவந்து வைக்க வேண்டும். சேவைக் கட்டணமும் பட்டியல் விலைக்குள் அடங்கிவிடும். நல்லபடி கவனித்தவருக்குச் சில்லறை வைத்தால் அது உங்கள் மனம்.

இனிப்புக்கு வயிற்றில் இடம் விடுங்கள். ரம்மில் ஊறிய பபா என்ற கேக்கைக் கேளுங்கள், மேலே அடித்த கிரீம் போட்டு வரும். பபாவின் கதை போலந்தில் ஆட்சியை இழந்து பிரான்சுக்கு வந்த ஸ்தனிஸ்லாஸ் அரசரிடம் போகிறது. அவருடைய மகள் 1725 இல் பதினைந்தாம் லூயியை மணந்து வந்தபோது, கூடவே வந்த இனிப்புக்காரர் ஸ்தோரேர், 1730 இல் பாரிசில் திறந்த கடை இன்றும் மொந்தோர்கெய் தெருவில் இருக்கிறது. நாடு விட்டு வந்த ஆட்களின் கைப்பக்குவம் இந்த நகரத்தின் சொந்தச் சாப்பாடாகிவிட்டது. எங்கள் பெடியன்கள் இந்த ஊர்க் குசினிகளில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அறிந்த எனக்கு அதை நினைக்கச் சந்தோஷமாக இருக்கிறது.

யார் போகக்கூடாது? ஆறுதலாக இரண்டு மணிநேரம் கதைக்க விரும்புபவர்கள், மெல்லிய வெளிச்சத்தில் காதலியோடு இருக்க நினைப்பவர்கள். சத்தம் பலம், மேசைகள் நெருக்கம், தட்டு காலியானால் அடுத்தது உடனே வந்துவிடும். நுணுக்கமான, புதுமையான சமையலைத் தேடுபவர்களும் வேறு இடம் பார்க்கலாம். இது வீட்டுச் சமையலின் பெரிய அளவு.

எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வருகிறவர்களுக்கு கார் து லெஸ்த் ரயில் நிலையத்துக்கு முன்னால் ஷார்த்தியே திறந்த கிளை கிட்ட. ஃபொபூர் சேன் தெனி தெருவால் நடந்தே வரலாம். மொன்பர்னாஸிலும் ஒன்று உண்டு, அதன் பழைய சுவர் அலங்காரம் மிக அழகு. ஆனால் முதல் முறை போகிறவர்கள் ஃபொபூர் மொன்மார்த்ர் தெருக் கடைக்கே போங்கள், கிழமை நாளில், பிற்பகல் நாலு மணிக்கு. முட்டை மயோனைஸ், வாத்துக் கொன்ஃபி, பபா. கூட ஒரு கராஃப் தண்ணீர்.