வெயிலில் விஎல்53எல்1எக்ஸ்: பெட்டியில் போட்ட நாலு மீட்டரை நம்பி வாங்காதீர்கள்

கார் ரிவர்ஸில் போர்ட்டிகோவுக்குள் வரும்போது பின்சுவருக்கு இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்ட ஒரு விளக்குப் பெட்டி தேவைப்பட்டது. அதற்காக வாங்கியதுதான், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் எஸ்டிமைக்ரோவின் விஎல்53எல்1எக்ஸ் சென்சார் பொருத்திய போர்டு. சென்சாரின் அளவே 4.9-க்கு 2.5 மில்லிமீட்டர்தான். இஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டுடன் நாலு ஒயர் இணைத்தால் வேலை முடிந்தது. ஆனால் எங்கள் போர்ட்டிகோ தெற்குப் பக்கம் திறந்தே இருக்கும். மூன்று மணிக்கு மேல் வெயில் பக்கவாட்டில் நுழைந்து காரின் பின் பம்பர் மேலேயே விழும். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி, வெயிலைப் பற்றித்தான்.

முதலில் இது வேலை செய்யும் விதம். உள்ளே 940 நானோமீட்டரில் ஒரு லேசர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, முதல் வகுப்பு லேசர் என்பதால் ஆபத்தும் இல்லை. பக்கத்திலேயே 16-க்கு 16 ஸ்பேட் (ஒளியை உணரும் நுண்ணிய புள்ளிகள்) கொண்ட சிலிக்கான் சில்லு. லேசர் துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நானோநொடி வித்தியாசம் என்றால் 15 செ.மீ. தூரம். ஸ்பேடுக்கு ஒற்றை ஃபோட்டான் போதும், உடனே ஒரு துடிப்பைக் கொடுத்துவிடும். சிக்கலும் அங்கேதான். ஒரு ஃபோட்டானை வாங்கிய பிறகு அடுத்ததற்குத் தயாராகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வெயிலில் அது தத்கால் நேரத்து டிக்கெட் கவுன்டர் கதைதான்: வெயிலின் ஃபோட்டான்கள் முந்திக்கொள்ள, நம் லேசர் ஃபோட்டான் போய் நிற்பதற்குள் ஜன்னலை மூடிவிடுவார்கள். அதோடு, பின்னணி வெளிச்சம் நாலு மடங்கானால் இரைச்சல் இரண்டு மடங்காகும். பின்னணியைக் கழித்தாலும் அதன் தள்ளாட்டம் கூடவே தங்கிவிடுகிறது.

அப்படியானால் ஏன் 940? இதுதான் எனக்குப் பிடித்த இடம். சிலிக்கானுக்கு 850 நானோமீட்டர் இன்னும் வசதி. அந்த ஒளி சுமார் 20 மைக்ரான் ஆழத்துக்குள் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். 940-க்கு 50 மைக்ரானுக்கு மேல் வேண்டும். மெல்லிய சில்லில் பாதிக்கு மேல் சிக்காமல் கடந்து போய்விடும். தெரிந்தேதான் இந்த நஷ்டத்தை ஏற்கிறார்கள். காற்றிலுள்ள நீராவி 940-ஐ ஒட்டிய சூரிய ஒளியை நன்றாக விழுங்கிவிடுவதால், தரைக்கு வரும் வெயிலில் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் அந்தப் பள்ளம் இன்னும் ஆழம். நம் ஊர்க் கசகசப்பால் ஒரு பொருளாவது பலன் அடைகிறது. மற்ற நிறங்களைத் தடுக்க மேலே அகச்சிவப்பு வடிகட்டியும் வைத்திருக்கிறார்கள்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தூரத்தோடு சேர்த்து பின்னணி எண்ணிக்கையையும் சென்சார் கொடுக்கிறது. எல்ஈடி டியூபுக்கு நேரே பிடித்தால் அந்த எண் அசையவே இல்லை. பரணிலிருந்த பழைய குண்டு பல்பைப் போட்டதும் மடமடவென்று ஏறியது. இத்தனைக்கும் கண்ணுக்கு டியூப்தான் பிரகாசம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் லக்ஸ் மீட்டரை நம்பி இந்த வகை சென்சாருக்கு இடம் தேடுவதில் அர்த்தமில்லை.

இனி அந்த நாலு மீட்டர் விஷயம். அது இருட்டில், வெள்ளை அட்டையை எதிரே வைத்து, லாங் மோடில், ஓர் அளவுக்கு 140 மில்லிநொடி கொடுத்தால் கிடைப்பது. டேட்டாஷீட்டை இன்னும் கொஞ்சம் புரட்டினால் மோடுகளுக்கான அட்டவணை வரும். லாங் மோட் இருட்டில் 360 செ.மீ. எட்டும், பலமான வெளிச்சத்தில் வெறும் 73. ஷார்ட் மோட் இருட்டில் 136, அதே பலமான வெளிச்சத்தில் 135. வெயிலில் ஷார்ட் மோட்தான் லாங் மோடைவிடத் தூரம் போகிறது! வாங்கும் எல்லோரும் முதலில் படிக்க வேண்டிய வரி இதுதான். நான் பயன்படுத்திய போலோலு லைப்ரரி எடுத்ததும் லாங் மோடில்தான் கிளம்பும். ஒரு வரி சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு மாலை வெயிலிலும் ஒரு மீட்டருக்குள் அளவு நிலையாக நின்றது. எனக்கு அதுவே தாராளம்.

பம்பர் கறுப்பு பிளாஸ்டிக். 940-இலும் அது கறுப்புதான் போல, திரும்பி வரும் சிக்னல் பரிதாபமாக இருந்தது. நம்பர் பிளேட்டுக்கு நேராகச் சென்சாரை இறக்கி வைத்ததும் ஆளே மாறிவிட்டது. அந்தப் பிரதிபலிப்புத் தாள், வந்த திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. 16-க்கு 16 ஸ்பேடில் நடுவிலிருக்கும் 4-க்கு 4-ஐ மட்டும் பயன்படுத்தச் சொன்னால், பார்வைக் கோணம் 27 டிகிரியிலிருந்து 15-க்குச் சுருங்கும். வெயில் விழுந்த தரை அதன் பார்வையிலிருந்து விலகிவிடும்.

இன்னொரு நல்ல குணம், சந்தேகமான அளவை இது மறைப்பதில்லை. நிலை எண் 0 என்றால் சரி. 1 என்றால் இரைச்சல் அதிகம். 2 என்றால் சிக்னல் போதவில்லை. 0 தவிர எது வந்தாலும் என் பெட்டியில் விளக்கு சிமிட்டும்படி எழுதிவிட்டேன். வீட்டில் யார் ஓட்டினாலும் சிமிட்டினால் கண்ணாடியைப் பார்த்துக்கொள்வார்கள்.

குறை என்று பார்த்தால், தூசிக்காக முன்னால் அக்ரிலிக் ஒட்டுகிறவர்கள் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் லேசர் அந்தப் பலகையிலேயே பட்டு உள்ளே திரும்பி, தூரத்தைக் குறைத்துக் காட்டும். அப்புறம் விலை. பின்னணி ஒளியைச் சட்டையே செய்யாத எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற, ஒலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் இதைவிட எவ்வளவோ மலிவு. அகலமான சுவரோ தொட்டியோ என்றால் நானே அதைத்தான் சொல்வேன். குறுகலான இடத்தில் நம்பர் பிளேட் மாதிரி ஒரு சின்னப் பொருளைக் குறிபார்க்க வேண்டுமானால் இது. மொட்டைமாடியில் உச்சி வெயிலில் மூன்று மீட்டர் அளக்க நினைத்தால், இந்த வெயில் தொல்லையே வேண்டாம், வேறு சாமான் பாருங்கள்.