கண்டது மொழிமோ: புலவர் யார் என்று கேட்கும் நான்கு படங்கள்

கம்பநாடர் தம் இராமகாதையைப் பங்குனி அத்த நாளில் அரங்கேற்றினார் என்று ஒரு பழைய தனிப்பாடல் சொல்கிறது. அதனால் கம்பர் பிறந்த தேரழுந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கம்பனைப் படிக்கும் நாங்கள் சிலர் ஆண்டுதோறும் அந்த நாளை ஒட்டிக் கூடுவது வழக்கம். இந்த ஆண்டு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் எழுப்பிய கேள்விதான் இந்த ஒப்பீட்டுக்குக் காரணம். உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பாடியது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த அவர், ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஷேக்ஸ்பியர் எழுதவே இல்லை என்று வாதிடும் ஆங்கிலப் படமொன்றைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். “அப்படியானால் மற்ற ஆறு காண்டங்களும் கம்பர் பாடியவைதான் என்பதற்கு என்ன ஆதாரம், ஐயா?” என்று கேட்டார். அதற்கு அன்று நாங்கள் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. ஒரு பாட்டின் உரிமையைப் பற்றிப் பேசும் படங்களை மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்து, எது வரலாறு, எது கதை என்று பிரித்துக் காட்டுவதே முறையான பதில் என்று பின்னர் தோன்றியது. அதற்காக நான்கு படங்களை எடுத்துக்கொண்டேன்: ரோலண்ட் எம்மெரிக் இயக்கிய ‘அனானிமஸ்’ (2011), ஜான் மேடன் இயக்கிய ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ (1998), ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965), எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’ (1937).

ஒவ்வொரு படத்திலும் எத்தனை ஆண்டுகள் தவறு என்று எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான்கிலும் தவறுகள் உண்டு. நாடகத்துக்காகக் காலத்தைச் சற்று முன்பின் நகர்த்துவது எந்தக் கதைசொல்லிக்கும் உள்ள உரிமை. நான் பார்க்க விரும்பியது வேறு. படத்திலுள்ள பிழையைத் திருத்தி எழுதினால் அதன் கதை நிற்குமா, சரியுமா என்பதே அது. இந்த அளவுகோலுக்குப் பொருத்தமான சொல் குறுந்தொகையின் இரண்டாம் பாட்டிலேயே இருக்கிறது: “காமம் செப்பாது கண்டது மொழிமோ.” கேட்பவர் விரும்புவதைச் சொல்லாமல் கண்டதைச் சொல் என்று தலைவன் தும்பி என்னும் வண்டிடம் கேட்கிறான். நான் எடுத்துக்கொண்ட படங்களில் ஒன்று இந்தப் பாட்டையே மையமாகக் கொண்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

‘அனானிமஸ்’ ஆக்ஸ்ஃபோர்டுப் பிரபுவான எட்வர்ட் டி வியர்தான் அந்த நாடகங்களின் உண்மையான ஆசிரியர் என்கிறது. இந்தக் கருத்தை 1920இல் தாமஸ் லூனி என்ற ஆங்கிலப் பள்ளி ஆசிரியர் நூலாக எழுதினார். படம் அதை இன்னும் பல படிகள் முன்னே கொண்டுபோகிறது. படத்தில் ஷேக்ஸ்பியர் வாசிக்கத் தெரிந்தும் எழுதத் தெரியாத ஒரு நடிகர். 1601 பிப்ரவரியில் எஸ்ஸெக்ஸ் பிரபுவின் கிளர்ச்சிக்கு முதல்நாள் அவருடைய ஆதரவாளர்கள் பணம் கொடுத்து நடிக்கச் செய்தது ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகம். படத்தில் அது ‘மூன்றாம் ரிச்சர்ட்’ ஆகிறது. கூனல் முதுகுள்ள அரசனைக் காட்டி அமைச்சர் ராபர்ட் செசிலை மக்கள் நடுவே இழிவுபடுத்தும் காட்சிக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. 1593 மே 30ஆம் நாள் டெப்ட்ஃபோர்டில் கத்திக்குத்தில் இறந்த நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ, அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் படத்தில் உயிரோடு நடமாடுகிறார். பின்னர் கழுத்தறுபட்டு இறக்கிறார், பழி ஷேக்ஸ்பியரின் பக்கம் சாய்கிறது. டி வியர் சிறுவனாக இருக்கும்போதே ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தை எழுதிவிட்டதாகவும் ஒரு காட்சி வருகிறது.

இவற்றைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒரு தேதி. டி வியர் இறந்தது 1604 ஜூன் 24ஆம் நாள். ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தின் புயல் காட்சி, 1609இல் பெர்முடாத் தீவருகே கப்பல் உடைந்ததை வில்லியம் ஸ்ட்ராச்சி 1610இல் எழுதிய கடிதத்திலிருந்து சொற்களையே வாங்கியிருக்கிறது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இறந்தவர் அந்தக் கடிதத்தைப் படித்திருக்க முடியாது. இந்த இடத்தைக் கடக்கப் படத்துக்குக் கைகொடுப்பது, சாகும் தறுவாயில் டி வியர் நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் ஒப்படைக்கும் கையெழுத்துப் பிரதிகளின் கட்டு. மார்லோவின் ஆயுளைத் திருத்தினால் ஒரு காட்சி போகும். டி வியரின் மரணத்தை நேர்மையாக எதிர்கொண்டால் படமே போய்விடும். அதைவிட எளிய சான்றும் ஒன்று உண்டு. பிரான்சிஸ் மியர்ஸ் என்பவர் 1598இல் வெளியிட்ட நூலில், நகைச்சுவை நாடகத்தில் சிறந்தவர்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். அதில் ஆக்ஸ்ஃபோர்டுப் பிரபுவின் பெயரும் ஷேக்ஸ்பியரின் பெயரும் இருவேறு மனிதர்களின் பெயர்களாகத் தனித்தனியே நிற்கின்றன. இருவரும் வாழ்ந்த காலத்தில், அதே ஊரில் வெளிவந்த நூல் அது. இந்த ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டால் பதினேழு வயது மாணவரும் படத்தைத் தாமே எடைபோட்டுவிடுவார்.

‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்திலும் வரலாறு தாராளமாக வளைகிறது. 1593இல் நடக்கும் கதையில் ஒரு பிரபு வர்ஜீனியாவில் உள்ள தன் புகையிலைத் தோட்டங்களைப் பற்றிப் பேசுகிறார். ஆங்கிலேயர் அங்கே நிலையாகக் குடியேறியதே 1607இல்தான். எலிசபெத் அரசி பொது நாடகக் கொட்டகைக்கு வருகிறார். அப்படி அவர் வந்ததில்லை. ‘ரோமியோ ஜூலியட்’ கவிஞரின் சொந்தக் காதலிலிருந்து பிறந்ததாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அந்தக் கதை ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட நெடும்பாடலிலிருந்து வந்தது. ஆனால் இவை எல்லாவற்றையும் திருத்தினாலும் படத்தின் நடு இழை அறுவதில்லை. அதற்கு மேல், எழுத்துரிமை பற்றி இந்தப் படம் ஒரு நுட்பமான உண்மையைச் சொல்கிறது என்று நான் கருதுகிறேன். எழுத வராமல் தவிக்கும் ஷேக்ஸ்பியருக்கு மார்லோ மதுக்கடையில் நின்றபடியே கதைப்போக்கைச் சொல்லித் தருகிறார். நடிகர்களும் முதலாளிகளும் ஆளுக்கொன்று சொல்லி நாடகத்தை மாற்றுகிறார்கள். அந்தச் சந்திப்பு கற்பனைதான். ஆனால் அந்தக் கால நாடகங்கள் பலர் கைபட்டு உருவானவை என்பது கற்பனை அல்ல. ‘ஆறாம் ஹென்றி’யின் மூன்று பாகங்களுக்கும் மார்லோவை இணை ஆசிரியராகக் குறிப்பிட்டே 2016இல் நியூ ஆக்ஸ்ஃபோர்டுப் பதிப்பு வெளிவந்தது.

‘திருவிளையாடல்’ படத்துக்கு இங்கே இடமுண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதைவிடப் பொருத்தமான படம் தமிழில் இல்லை என்பது என் எண்ணம். பெண்ணின் கூந்தல் மணம் பற்றிய தன் ஐயத்தைத் தீர்ப்பவருக்குப் பொற்கிழி தருவதாகப் பாண்டியன் அறிவிக்க, தருமி என்ற ஏழைப் புலவர் தாம் எழுதாத பாட்டைத் தம் பாட்டாக அவையில் படிக்கிறார். நக்கீரர் குற்றம் சொன்னதும் பதில் சொல்ல முடியாமல் திரும்புகிறார். எழுதியவரான சிவபெருமானே நேரில் வந்து வழக்காடுகிறார். ஒரு பாட்டுக்கு உரியவர் யார் என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாக நாடகமாக்கிய காட்சி வேறு எங்கும் நான் கண்டதில்லை.

வரலாறாகப் பார்த்தால் இந்தக் காட்சிக்கு அடிப்படை எவ்வளவு? ‘கொங்குதேர் வாழ்க்கை’ குறுந்தொகையில் இறையனார் பெயரில் உள்ள ஐந்தடிப் பாட்டு. 1915இல் திருக்கண்ணபுரத்துச் சௌரிப்பெருமாள் அரங்கனாரும் 1937இல் உத்தமதானபுரத்து உ.வே. சாமிநாதையரும் குறுந்தொகையை அச்சில் கொண்டுவந்தார்கள். இருவருமே நம் காவிரிக்கரை மண்ணைச் சேர்ந்தவர்கள். அந்தப் பாட்டில் பாண்டியன் இல்லை, ஐயம் இல்லை, பொற்கிழியும் இல்லை. தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூவை நீ அறிவாயா என்று தலைவன் தும்பியைக் கேட்பதோடு பாட்டு முடிகிறது. தருமியின் கதை பின்னால் வந்து சேர்ந்தது; ஆனாலும் மிகவும் பழையது. “நன்பாட்டுப் புலவனாய்ச் சங்கமேறி நற்கனகக் கிழிதருமிக் கருளினோன் காண்” என்று 7ஆம் நூற்றாண்டிலேயே அப்பர் பாடிவிட்டார். அதை விரிவாகப் புராணமாக்கிய பரஞ்சோதி முனிவரும் திருமறைக்காட்டுக்காரர்.

இங்கேதான் இந்தப் படமும் ‘அனானிமஸ்’ படமும் நேர் எதிராக நிற்கின்றன. நாகராஜனின் படத்தில் கோபித்துக்கொண்டு போன முருகனுக்குத் தாய் பார்வதி கதை சொல்கிறார். தருமியின் நிகழ்ச்சி அந்தக் கதைகளுள் ஒன்றாகவே விரிகிறது. பார்ப்பவர் முதலிலேயே புராணத்துக்குள் வந்துவிடுகிறார். எம்மெரிக்கின் படமோ இன்றைய நியூயார்க் நகர நாடக மேடையில் தொடங்குகிறது. ஷேக்ஸ்பியர் பாத்திரங்களை ஏற்றுப் புகழ்பெற்ற டெரெக் ஜாக்கோபி வந்து நின்று, அந்த மனிதர் எழுதியதற்குச் சான்று எங்கே என்று நம்மிடம் கேட்கிறார். உண்மை வாழ்விலும் ஷேக்ஸ்பியரின் உரிமையை ஐயுற்று அறிக்கையில் கையெழுத்திட்டவர் அவர். போதாக்குறைக்கு, படம் வெளியானபோது அமெரிக்காவில் ஆசிரியர்களுக்கு வகுப்பறைப் பாடக்குறிப்புகளும் அனுப்பப்பட்டன. கதையைக் கதை என்று சொல்லித் தருவதற்கும், கதையை வழக்கு என்று சொல்லித் தருவதற்கும் உள்ள வேறுபாடு இது. வகுப்பறையில் இரண்டாவதன் கேடு மிகுதி.

ஆயினும் இரண்டு படங்களும் ஓர் இடத்தில் ஒன்றுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கையுறை தைத்து விற்றவரின் மகனால் இவ்வளவு பெரிய இலக்கியம் படைக்க முடியாது என்ற எண்ணமே ஆக்ஸ்ஃபோர்டுக் கட்சியின் வேர். அதனால் அங்கே ஒரு பிரபு தேவைப்பட்டார். கம்பரைக் கோயில் பணி செய்யும் உவச்சர் குலத்தவர் என்று நம் மரபு சொல்கிறது. இங்கே அதற்காக எந்தச் சோழ இளவரசனையும் யாரும் தேடவில்லை. அது நமக்குப் பெருமைதான். ஆனால் நாம் தெய்வத்தைத் தேடினோம். துளி என்ற பொருளில் ‘துமி’ என்ற சொல்லைக் கம்பர் ஆண்டபோது ஒட்டக்கூத்தர் தடுத்ததாகவும், மோர் கடையும் பெண்ணாக வந்து கலைமகளே அதற்குச் சான்று சொன்னதாகவும் ஒரு கதை வழங்குகிறது. பக்தியாக அந்தக் கதை எனக்கும் இனிக்கிறது. ஆனால், வான்மீகத்தையும் ஆழ்வார்களையும் குறளையும் கரைத்துக் குடித்த ஒரு மனிதன் இரவுபகலாக உட்கார்ந்து எழுதிய உழைப்பு, பிரபுவின் கதையில் மறைவதைப் போலவே தெய்வத்தின் கதையிலும் சற்று மறைந்துபோகிறது. மாணவர்களிடம் இதை நான் மறைக்கமாட்டேன்.

‘அம்பிகாபதி’ இவற்றிலிருந்து வேறுபட்ட வகை. அதில் எழுத்துரிமை வழக்கு இல்லை. ஆனால் கம்பர், ஒட்டக்கூத்தர் என்ற இரண்டு பெயர்களையும் பகைமையோடு சேர்த்துத் தமிழர் மனத்தில் பதிய வைத்ததில் அந்தக் கதைக்கும் அதன் படங்களுக்கும் பெரும் பங்குண்டு. ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், தாராசுரம் கோயிலைக் கட்டிய இரண்டாம் இராசராசன் ஆகிய மூவரையும் உலாப் பாடியவர். அதாவது 12ஆம் நூற்றாண்டினர். நான் முதலில் சொன்ன அரங்கேற்றப் பாடலோ சக ஆண்டு 807 என்கிறது, அது கி.பி. 9ஆம் நூற்றாண்டின் இறுதி. அந்தப் பாடலை நம்பினால் இருவரும் சந்தித்திருக்கவே முடியாது; கம்பரை 12ஆம் நூற்றாண்டினராகக் கொள்பவர்களுக்குத்தான் பகைமைக் கதையும் உத்தரகாண்டக் கதையும் இயலக்கூடியவை ஆகின்றன. இறந்துபோன மார்லோவை நடமாட வைத்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். கம்பர் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் இடையிலான காதலுக்குச் சமகாலச் சான்று இல்லை. 1937ஆம் ஆண்டுப் படத்தின் காதல் காட்சிகளில் இளங்கோவன் எழுதிய உரையாடல் ‘ரோமியோ ஜூலியட்’ சாயலைத் தாங்கியது. ஷேக்ஸ்பியர் வீட்டுச் சரக்கு இவ்வாறு தேரழுந்தூர் வரைக்கும் வந்துவிட்டது.

ஜெமினியின் ‘ஔவையார்’ (1953) படத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். அதியமான் காலத்துச் சங்கப் புலவரும் ஆத்திசூடி பாடியவரும் அதில் ஒரே மூதாட்டி ஆகிவிடுகிறார்கள். அது தனியே ஒரு மாலைப் பொழுதுக்குரிய பேச்சு.

கம்பனில் உண்மையாகவே தீராத எழுத்துரிமைச் சிக்கலை எந்தப் படமும் தொடவில்லை. அதைப் படிப்பவர்கள் ‘வெள்ளிப் பாடல்’ என்பார்கள். வெள்ளியம்பலத் தம்பிரான் இடையிலே எழுதிச் சேர்த்தவை என்று சொல்லப்படும் பாடல்கள் அவை. இத்தகையவற்றைப் பதிப்பாசிரியர்கள் சுவடிகளை ஒப்பிட்டு ‘மிகைப் பாடல்கள்’ என்று தனியே ஒதுக்கினார்கள். அன்று அந்த மாணவருக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். கம்பராமாயணம் முழுவதையும் வேறொருவருக்குத் தூக்கிக் கொடுக்க எந்தச் சுவடியிலும் இடமில்லை; இந்தப் பாட்டு அவருடையதா, அந்தப் பாட்டு அவருடையதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க இடமுண்டு.

ஆகவே என் தேர்வு இப்படி அமைகிறது. முதல் நாள் ‘திருவிளையாடல்’ படத்தின் தருமிப் பகுதியை மட்டும் காட்டி, குறுந்தொகைப் பாட்டையும் அப்பர் அடியையும் அச்சிட்டுக் கையில் கொடுப்போம். இரண்டாம் நாள் ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ படத்திலிருந்து மதுக்கடைக் காட்சியும் ஒத்திகைக் காட்சிகளும். ‘அனானிமஸ்’ முழுப் படமாகவே போகட்டும், ஆனால் மூன்றாவதாக, மியர்ஸின் பட்டியலையும் டி வியரின் இறப்புத் தேதியையும் கரும்பலகையில் எழுதி வைத்த பிறகு. ‘அம்பிகாபதி’க் கதையிலிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே. காதலைத் தொடாத நூறு பாட்டைப் பாடினால் தப்பலாம் என்பது அம்பிகாபதிக்கு வைத்த சோதனை; நூறு பாட்டு முடிந்தது என்று எண்ணி அமராவதி தலையை நீட்டுகிறாள். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டதால் உண்மையில் முடிந்திருந்தது தொண்ணூற்றொன்பதுதான். அந்தக் கதையைச் சொன்ன கையோடு மாணவர்களைத் தேரழுந்தூரில் உள்ள கம்பர் மேட்டுக்கு அழைத்துப்போய், கம்பராமாயணத்தின் இரண்டு பதிப்புகளைக் கையில் கொடுத்து, ஒரே படலத்தில் எது எத்தனை பாட்டு என்று எண்ணச் சொல்லலாம் என்றிருக்கிறோம்.