வயர்லெஸ் மீட்டர் ரீடிங்: சில ஆண்டு புழக்கத்துக்குப் பிறகு

பல கட்டடங்கள் கொண்ட ஒரு வளாகத்தின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே தண்ணீர் மீட்டர், மின் மீட்டர் எல்லாமே சில ஆண்டுகளாக வயர்லெஸ்ஸில்தான் ரீடிங் அனுப்புகின்றன. தண்ணீருக்கு லோராவான் (குறைந்த பேட்டரியில் நெடுந்தூரம் எட்டும் லோரா ரேடியோவை வைத்து ஓடும் வலையமைப்பு), மின்சாரத்துக்கு மெஷ் (மீட்டருக்கு மீட்டர் செய்தியைக் கடத்தும் வலை), தள்ளி இருக்கும் பம்ப் அறைகளுக்கு மட்டும் சிம் போட்டு செல்போன் டவர் வழியே பேசும் என்பி-ஐஓடி. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இப்படிக் கிடைத்தது.

வாங்கும் நேரத்தில் எல்லோரும் கேட்பது, "எவ்வளவு தூரம் எட்டும்?" என்றுதான். தப்பான கேள்வி இல்லை. ஆனால் முதல் சில மாதங்களோடு அது முடிந்துவிடும். அதன் பிறகு தினமும் தலையைத் தின்பது வேறு: வராமல் போன ரீடிங்கை மீட்டரிடம் மறுபடி கேட்டு வாங்க முடியுமா, முடியாதா?

தண்ணீர் மீட்டரிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் படுத்தியது அதுதான். மின் மீட்டருக்குக் கரன்ட் கையிலேயே இருக்கிறது. தண்ணீர் மீட்டரோ தரைக்கடியில் ஒரு குழியில், இரும்பு மூடிக்குக் கீழே, ஒரே ஒரு பேட்டரியை நம்பிக் கிடக்கிறது. லோரா சிக்னல் இரைச்சலுக்குக் கீழே 20 டெசிபல் வரை அமுங்கினாலும் பிடித்துவிடலாம் என்பது உண்மைதான். வெட்டவெளியில் கிலோமீட்டர் கணக்கில் போகிறது. அதே சிக்னல், மூடிக்குக் கீழே மழைத்தண்ணீர் நிறைந்தால் அடுத்த கட்டடத்தைத் தாண்டத் திணறுகிறது. மழைக்காலத்தில் எந்தெந்த மீட்டர் காணாமல் போகும் என்று எங்கள் பிளம்பருக்கு மனப்பாடம்.

மீட்டர்களின் செய்தியை வாங்கி சர்வருக்கு அனுப்பும் பெட்டிதான் கேட்வே. அதை மிக உயரமான மொட்டை மாடியில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். தூரத்துக் கட்டடங்களுக்குச் சரி. ஆனால் அதிக கெயின் உள்ள ஆன்டெனா சக்தியைப் பக்கவாட்டில் தட்டையாகப் பரப்புவதால், நேர் கீழே இருக்கும் மீட்டர்களுக்கு மிச்சம் கிடைப்பது குறைவு. எங்கள் வளாகத்தில் மோசமான சிக்னல் கேட்வே இருந்த கட்டடத்தின் அடித்தளத்தில்தான் இருந்தது. கெயின் குறைந்த ஆன்டெனாவை மாட்டி, கீழ்த்தளத்தில் இன்னொரு சிறிய கேட்வே வைத்த பிறகுதான் நிலைமை தேறியது. ஆன்டெனாவின் விலையைவிட அது இருக்கும் இடம் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

பேட்டரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லோராவானில் சிக்னல் மோசமானால் மீட்டர் மெதுவாகப் பேசத் தொடங்கும். எவ்வளவு மெதுவாக என்பதைச் சொல்வது எஸ்எஃப் (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்) என்ற எண்: 7 வேகமானது, 12 மிக மெதுவானது. எஸ்எஃப்7-இல் 10 பைட் தகவல் 62 மில்லிசெகண்டில் போய்விடும். அதே தகவல் எஸ்எஃப்12-இல் போக கிட்டத்தட்ட ஒன்றரை செகண்ட் ஆகும். அதாவது இருபது மடங்குக்கும் மேல் ரேடியோ விழித்திருக்கிறது. ஆக ஒரே நாளில் மாட்டிய ஒரே மாடல் மீட்டர்கள் ஒரே நாளில் சாகாது. கேட்வேக்கு எட்டாத மூலையில் இருப்பவை முதலில் போகும். போதாததற்கு, இவற்றில் இருக்கும் 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி, சாகும் தறுவாய் வரை வோல்டேஜைக் குறைத்துக் காட்டாது. திரையில் பச்சையாக ஜொலிக்கும் பேட்டரி படத்தை நம்புவதற்கில்லை. நாங்கள் பார்ப்பது எஸ்எஃப் எண்ணைத்தான். மாதக்கணக்கில் 12-லேயே நிற்கும் மீட்டர்களைத் தனிப் பட்டியலில் வைத்து, பேட்டரி மாற்றும் திட்டத்தில் முதலில் சேர்க்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. எல்லா மீட்டரும் சரியாக நள்ளிரவு 12 மணிக்கு ரீடிங் அனுப்பும்படி அமைத்துக் கொடுத்திருந்தார்கள். கணக்குக்கு அழகாக இருக்கும், காற்றில் அடிதடி நடக்கும். லோராவான் மீட்டர் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசுவதில்லை, நினைத்த நேரத்தில் அனுப்பிவிடும். 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய அலோஹா வலையமைப்பின் அதே முறைதான். அப்படிப்பட்ட முறையில் சேனலின் நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதத்தைத்தான் உருப்படியாகப் பயன்படுத்த முடியும் என்பது பழைய கணக்கு. அனுப்பும் நேரத்தை ஒவ்வொரு மீட்டருக்கும் கலைத்துப் போட்டதும், ஒரு பைசா செலவில்லாமல், தொலைந்த ரீடிங் பாதிக்கு மேல் திரும்ப வந்தது.

பில் போட மட்டும் என்றால் தொலைந்த ரீடிங்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். மீட்டர் அனுப்புவது தொடக்கத்திலிருந்து ஓடிய மொத்த அளவு. இன்று வராவிட்டால் நாளை வரும் எண்ணிலேயே இன்றையதும் அடங்கிவிடும். ஆனால் கசிவு கண்டுபிடிக்க அது போதாது. ஊரே தூங்கும் பின்னிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் எவ்வளவு ஓடியது என்று தெரிய வேண்டும், அதற்கு மணிக்கு மணி ரீடிங் வேண்டும். இதற்குக் கைகொடுத்தது ஒரு சின்ன ஏற்பாடு: ஒவ்வொரு செய்தியிலும் கடைசிச் சில மணிநேரங்களின் வித்தியாசத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னோம். நடுவில் ஒன்றிரண்டு தொலைந்தாலும் அடுத்தது இடைவெளியை நிரப்பிவிடும். எஸ்எஃப்12-இல் இடம் குறைவு, ஐரோப்பாவின் 868 மெகாஹெர்ட்ஸ் விதிப்படி ஒரு செய்திக்கு 51 பைட்தான். அதற்குள் அடக்க முடிகிறது.

மின் மீட்டர்கள் வேறு ரகம். வை-சன் போன்ற மெஷ்ஷில் ஒவ்வொரு மீட்டரும் பக்கத்து மீட்டரின் செய்தியையும் வாங்கிக் கடத்தும். எப்போதும் கரன்ட் இருப்பதால் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும், நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் பதில் சொல்லும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த அளவுகளை மீட்டர் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும். மீட்டரோடு பேசுவதற்கான பொதுத் தரமான டிஎல்எம்எஸ் முறையில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை கொடு என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும். இரண்டு நாள் கேட்வே படுத்துவிட்டாலும், எழுந்ததும் ஓட்டைகள் தானாக அடைபடுகின்றன.

அதற்காக மெஷ்ஷுக்கு நோவே இல்லை என்று சொல்லவில்லை. எலக்ட்ரீஷியன் ஏதோ வேலைக்காக ஒரு பேனலை அணைத்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத மாடியில் நாலு மீட்டர் ஊமையாகிவிடும். அவற்றுக்கு வழியாக இருந்தது அந்தப் பேனலில் இருந்த ஒரு மீட்டர். மீட்டர்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் மாற்று வழி கிடைக்கும், ஓரத்தில் தனியாக இருப்பவைக்குக் கிடைக்காது. முழு மின்வெட்டுக்குப் பிறகு எல்லாம் ஒன்றை ஒன்று தேடிச் சேர நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தால் பதற வேண்டியதில்லை.

என்பி-ஐஓடி பற்றிச் சுருக்கமாக: கேட்வே, ஆன்டெனா தலைவலி எதுவும் இல்லை, அது பெரிய நிம்மதி. செல்போன் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் தரமாக 2016-இல் வந்தது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி எப்படியாவது சிக்னலைச் சேர்த்துவிடும், அதனால் அடித்தளத்திலும் வேலை செய்கிறது. ஆனால் அந்தத் திரும்பச் சொல்லலுக்கும் பேட்டரிதான் கூலி. பவர் சேவிங் முறையில் தூங்கும் மீட்டரை நாம் எழுப்ப முடியாது, அதுவாக விழிக்கும்வரை நம் கட்டளை காத்திருக்கும். டவர் நம்முடையது இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகளை மூடியபோது அவற்றை நம்பியிருந்த மீட்டர்கள் இணைப்பை இழந்தது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

கடிகாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மீட்டரின் கடிகாரத்தை ஓட்டும், 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழை உள்ள சாதாரண கிரிஸ்டல் ஆண்டுக்கு 10 நிமிடம் வரை தவறும். 15 நிமிட அளவுகளை வைத்து நேரத்துக்கு ஒரு கட்டணம் போடுகிற இடத்தில் அது சண்டைக்கு வழி. நேரத்தைச் சரிசெய்யும் கட்டளையை மீட்டர் ஏற்குமா என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

அப்புறம், 99 சதவீதம் ரீடிங் வருகிறது என்று அறிக்கை வந்தால் மகிழ்வதற்கு முன் இன்னொன்றைப் பார்க்கிறேன். ஆயிரம் மீட்டரில் தினம் 10 வராமல் போகலாம். தினமும் வேறு வேறு 10 என்றால் பரவாயில்லை, அடுத்த நாள் வந்துவிடும். அதே 10 என்றால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். எங்களிடம் பெரும்பாலும் அதே பத்துதான்.

கடைசியாக, செய்தியைத் திறந்து படிக்க உதவும் ரகசியச் சாவிகள். லோராவான் செய்திகள் ஏஇஎஸ்-128 குறியாக்கத்தில் போகின்றன, ஒவ்வொரு மீட்டருக்கும் தனிச் சாவி. அதை மீட்டரைக் கொடுத்தவர்கள் தங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டு, கேட்டபோது இழுத்தடித்தார்கள். மீட்டர் நம்முடையது, குழி நம்முடையது, ரீடிங் மட்டும் அவர்கள் தயவில். நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ஒரு எக்செல் கோப்பாக வந்து சேர்ந்தது. இப்போது புதிய மீட்டர் பெட்டி வந்தால், சாவிப் பட்டியலை வாங்கிச் சரிபார்த்த பிறகுதான் ரசீதில் கையெழுத்துப் போடுகிறோம்.