உரியும் பாத்ரூம் சீலிங்: வெள்ளை சிமெண்ட் பட்டி எங்கே தேறும், எங்கே தேறாது

பாத்ரூம் சீலிங்குக்குப் பட்டி (பெயிண்டுக்கு முன் மட்டம் செய்யப் பூசும் பூச்சு) வேண்டும் என்று கேட்டால் பெயிண்ட் கடையில் மூன்று வகையை எடுத்து வைப்பார்கள். வாளியில் குழைந்த பதத்தில் வரும் அக்ரிலிக் பட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், பையில் பொடியாக வரும் வெள்ளை சிமெண்ட் பட்டி. ஈரம் படும் சீலிங்குக்கு மூன்றாவது மட்டுமே சரி. அக்ரிலிக் பட்டியில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல் மாவு; அதைப் பிடித்து வைத்திருப்பது கொஞ்சம் பசைதான். தினமும் நீராவி பட்டால் அந்தப் பிடி தளர்ந்து பட்டி நெகிழ்ந்துவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகினால் ஜிப்சம். ஈரம் தொடர்ந்து இருந்தால் மெத்தென்று ஆகிவிடும். வெள்ளை சிமெண்ட் பட்டியோ தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஒருமுறை இறுகியபின் நீராவி அதை ஒன்றும் செய்யாது.

நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பவை பிர்லா ஒயிட் வால்கேர், ஜே.கே. வால்மேக்ஸ் இரண்டும். இரண்டு நிறுவனங்களுக்குமே ராஜஸ்தானில் வெள்ளை சிமெண்ட் ஆலை உண்டு: பிர்லாவுக்குக் காரியா கங்காரில், ஜே.கே.வுக்குக் கோட்டனில். பாத்ரூம் சீலிங் அளவு வேலைக்கு எதை வாங்கினாலும் சரிதான். பெயரைவிட பையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பையை அமுக்கும்போது உள்ளே கட்டி தட்டுப்பட்டால் ஈரக்காற்று புகுந்து சிமெண்ட் ஏற்கெனவே பாதி இறுகிவிட்டது என்று அர்த்தம். அதை எவ்வளவு இடித்துக் கலக்கினாலும் பிடிப்பு வராது.

இவ்வளவு நல்ல பொருளாக இருந்தும் ஆறு மாதத்தில் மறுபடி உரிந்து விழுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். காரணம், இது ஒழுகலை நிறுத்தும் பொருள் இல்லை. மேலிருந்து தண்ணீர் இறங்கும் தளத்தின் அடியில் எதைப் பூசினாலும், அந்தத் தண்ணீர் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே பட்டி வாங்குமுன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் செலவே இல்லை. உரிந்த இடத்துக்குப் பக்கத்தில், கெட்டியாக இருக்கும் பகுதியைத் துடைத்துக் காயவிட்டு, ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இடைவெளி இல்லாமல் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சீலிங்கைத் தொடும் பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் தளத்துக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் குளித்தபின் துளி கட்டினால் அது கீசர் தண்ணீரின் ஆவி.

உரிந்த செதிலையும் தூக்கி எறியாமல் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளை மாவாக உதிர்ந்தால் அடியிலிருந்த பழைய பட்டியோ டிஸ்டெம்பரோ தோற்றுவிட்டது. மணலோடு பெயர்ந்தால் காரையே பிடிப்பு விட்டிருக்கிறது. வழவழவென்று வெறும் பெயிண்ட் தோல் மட்டும் வந்தால், பழைய எனாமலுக்கு உப்புத்தாள் போடாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள். பஞ்சு போல வெள்ளை உப்பு பூத்திருந்தால் ஈரம் தளத்தைக் கடந்து வருகிறது என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். அந்த உப்பைக் காய்ந்த பிரஷால்தான் தட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும்.

கசிவு மேல்மாடி பாத்ரூமிலிருந்து என்றால், மேலே தரைச் சல்லடைக் குழியைத் துணி வைத்து அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடச் சொல்லுங்கள். கீழே கறை பெரிதானால் தரையில் கோளாறு. ஆகாவிட்டால் குழாய் இணைப்பையோ கழிவுக் குழாயையோ பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் மேலேதான். கறை துரு நிறத்தில் இருந்து, சுத்தியல் காம்பால் தட்டும்போது டொப்பென்று வெற்றுச் சத்தம் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டைப் பிளந்துகொண்டிருக்கிறது. அங்கே பட்டி வைத்து மறைப்பது ஆபத்து. தலைக்கு மேல் விழக்கூடிய கான்கிரீட் அது. அனுபவமுள்ள பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஆவிதான் காரணம் என்று உறுதியானால் இந்தப் பட்டிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 5 அடிக்கு 8 அடி சீலிங்குக்கு இரண்டு மெல்லிய கோட்டுக்கு 5 கிலோ பை ஏறக்குறைய சரியாக இருக்கும். 40 கிலோ மூட்டை வாங்கி மிச்சத்தைக் கட்டி வைக்காதீர்கள்.

பெரும்பாலும் வேலை கெடுவது சுரண்டுவதில்தான். தானாக விழுந்ததை மட்டும் எடுத்தால் போதாது. பட்டித் தகடு நுழையும் வரை, சுற்றியுள்ள பெயிண்ட் தகட்டை எதிர்த்து நிற்கும் வரை, சுரண்ட வேண்டும். ஓரத்தை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மேடு தெரியாமல் சரிவாக்குங்கள். பழைய டிஸ்டெம்பர் இருந்தால் ஈரத் துணியால் தேய்த்து முழுக்க எடுங்கள். அதன் மேல் எந்த சிமெண்டும் நிற்காது. கரும்புள்ளியாகப் பூஞ்சை இருந்தால் கடையில் கிடைக்கும் ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாகக் கழுவுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை வேண்டும். அன்று அதே பாத்ரூமில் ஆசிட்டோ கழிப்பறை கழுவும் திரவமோ ஊற்றக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

காரை பெயர்ந்து குழியாகியிருந்தால் அதைப் பட்டியால் நிரப்பாதீர்கள். இரண்டு கோட்டும் சேர்ந்து 1.5 மி.மீ.க்கு மேல் போனால் வெடித்துப் பாளமாக விழும். குழிக்கு 1:3 சிமெண்ட் மணல் கலவை வைத்து, சில நாள் நனைத்துக் காயவிட்ட பிறகே பட்டி.

கலக்கும் அளவு 1 கிலோ பொடிக்கு 360 முதல் 380 மி.லி. தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பத்து நிமிடமாவது கலக்க வேண்டும். சுவருக்குக் கலக்குவதைவிட நீர்க்கக் கலந்தால் சீலிங்கில் நிற்காது, முகத்தில்தான் விழும். ஒரு மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். இறுக ஆரம்பித்ததைத் தண்ணீர் விட்டு மறுபடி இளக்குவது சில பெயிண்டர்களின் பழக்கம். சிமெண்டின் வலுவே அதில் போய்விடும்.

பூசுமுன் சீலிங்கை லேசாக நனைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த காரை பட்டியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால் சிமெண்ட் இறுகத் தண்ணீர் இருக்காது. தொட்டால் மாவாக ஒட்டும். நனைத்திருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் மின்னக்கூடாது. முதல் கோட்டை அழுத்தி இழுத்து, முழுக்கக் காய்ந்தபின் இரண்டாவது. இந்தப் பட்டியின் உண்மையான குறை இங்கேதான்: நாலைந்து நாள் விட்டுவிட்டால் கல்லாகிவிடும், தேய்த்து மட்டம் செய்யத் தோள் வலிக்கும். மறுநாளே நைஸ் தாள் போட்டுவிட வேண்டும்.

அதன்மேல் தண்ணீரில் கலக்கும் சிமெண்ட் ப்ரைமர் ஒரு கோட், பூஞ்சை எதிர்ப்புள்ள அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட். பளபளப்புக்காக எனாமல் அடிக்காதீர்கள். புது சிமெண்டின் காரம் எண்ணெய் பெயிண்டைச் சோப்பாக்கி உரித்துவிடும். கடைசிக் கோட் காயும் வரை இரண்டு நாளாவது சுடுநீர்க் குளியல் வேறு பாத்ரூமில் இருக்கட்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத பாத்ரூமில் இத்தனையும் செய்தாலும் பெயிண்ட் சீக்கிரமே கறுக்கும். 9 அடி உயரமுள்ள 5 அடிக்கு 8 அடி அறையில் மணிக்கு 10 முறை காற்று மாற ஏறக்குறைய 100 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் தேவை. டப்பாவில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். குளித்து முடித்தபின் 20 நிமிடம் ஓட வேண்டும். கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளி இல்லாவிட்டால் உள்ளே வரக் காற்றே இருக்காது. ஃபேன் சத்தம் மட்டும்தான் போடும்.