அரசு பாண்ட், கம்பெனி பாண்ட், நிஃப்டி ஃபண்ட்: எதில் என்ன ரிஸ்க்?

'பாண்ட் (கடன் பத்திரம்) என்றால் பாதுகாப்பு, ஷேர் என்றால் ரிஸ்க்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை நம்பித்தான் பலரும் 11, 12 சதவீத கம்பெனி பாண்டை எஃப்டிக்கு மாற்றாக வாங்குகிறார்கள். அரசு பாண்டுக்கும் கம்பெனி பாண்டுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அரசு பாண்ட்

ரிசர்வ் வங்கியின் ரீடெய்ல் டைரக்ட் தளம் 2021 நவம்பரில் வந்தது. கணக்குத் திறக்கக் கட்டணம் இல்லை. 10,000 ரூபாயில் தொடங்கலாம். மத்திய அரசுப் பத்திர ஏலம் பொதுவாக வெள்ளிக்கிழமை, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் பத்திர ஏலம் செவ்வாய்க்கிழமை. சிறு முதலீட்டாளர் விலை எதுவும் குறிப்பிட வேண்டாம். ஏலத்தில் அமையும் சராசரி விலைக்கே பத்திரம் கிடைக்கும். '7.18% ஜிஎஸ் 2033' (ஜிஎஸ் என்றால் அரசுப் பத்திரம்) என்று இருந்தால், 10,000 ரூபாய் முகமதிப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 359 ரூபாய் வட்டி, 2033இல் அசல்.

அசல் வராமல் போகும் பயம் இங்கே இல்லை. நடுவில் விற்க நேர்ந்தால்தான் சிக்கல். 7% கூப்பன் (பத்திரத்தில் எழுதிய ஆண்டு வட்டி) உள்ள பத்திரத்தை 100 ரூபாய்க்கு வாங்கிய மறுநாளே சந்தை வட்டி 8% ஆகிவிட்டது என்று வையுங்கள். புதிய பத்திரம் 8% தரும்போது உங்கள் 7% பத்திரத்தை விலை குறைந்தால்தான் வாங்குவார்கள். 3 ஆண்டுப் பத்திரத்தின் விலை சுமார் 97.40 ஆகும். 10 ஆண்டுப் பத்திரம் 93.20க்கும், 30 ஆண்டுப் பத்திரம் 88.70க்கும் இறங்கும். வட்டி 6% ஆனால் அதே 30 ஆண்டுப் பத்திரம் 113.80க்கு ஏறும். முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் கணக்கில் வராது. ஆகவே பணம் தேவைப்படும் ஆண்டில் முதிரும் பத்திரமாகப் பார்த்து வாங்குவதே முறை. சிறு தொகைக்கு இரண்டாம் சந்தையில், அதாவது முதலீட்டாளர்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் இடத்தில், ஆள் கிடைப்பதும் எளிதல்ல. கிடைத்தாலும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

இன்னொரு ரிஸ்க் சத்தமில்லாதது. 30% வரி வரம்பில் இருப்பவருக்கு 7% வட்டியில் கையில் நிற்பது 4.9%, செஸ் போனால் இன்னும் குறைவு. விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறினால் பணம் வளரவே இல்லை. 20 ஆண்டுப் பணம் முழுவதையும் இதில் போடுவது தவறு என்பது இதனால்தான்.

கம்பெனி பாண்ட்

நன்றாகப் போனால் கிடைப்பது 11%, அதற்கு மேல் ஒரு பைசா வராது. கெட்டால் அசலே போகலாம். தலா 1 லட்சத்துக்குப் பத்து கம்பெனிகளின் பாண்ட் வாங்கி, ஒன்று மட்டும் முதலாண்டிலேயே முழுதாகக் கவிழ்ந்தால், மற்ற ஒன்பதும் தரும் வட்டி 99,000 ரூபாய். நஷ்டம் 1 லட்சம். ஓராண்டு வட்டி மொத்தமும் போய், கையிலிருந்தும் 1,000 ரூபாய். அரசு பாண்டில் அதே 10 லட்சம் 70,000 தந்திருக்கும்.

ரேட்டிங்கை, அதாவது கடனைத் திருப்பும் திறனுக்குத் தரும் மதிப்பீட்டை, மட்டும் நம்பவும் முடியாது. 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில் ஐஎல்&எஃப்எஸ் என்ற நிதி நிறுவனத்துக்கு ஏஏஏ, அதாவது உச்ச ரேட்டிங்; செப்டம்பரில் அது 'டி', அதாவது கடன் தவறிய நிறுவனம். 2020 மார்ச்சில் யெஸ் பேங்க்கின் 8,415 கோடி ரூபாய் ஏடி1 பாண்டுகள் (வங்கி நெருக்கடியில் சிக்கினால் ரத்து செய்யக்கூடிய வகை) ரத்து செய்யப்பட்டன. பங்கு வைத்திருந்தவர்களிடம் ஏதோ மிஞ்சியது, பாண்ட் வைத்திருந்தவர்களின் கணக்கில் பூஜ்யம். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

அப்படியும் வாங்குவதென்றால் ஆவணத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள்: சொத்து ஈடு உண்டா, கம்பெனி கவிழ்ந்தால் பணம் திரும்பும் வரிசையில் முன்னால் நிற்கிறதா, ரேட்டிங் அறிக்கையின் தேதி என்ன, 'கால் ஆப்ஷன்' (முதிர்வுக்கு முன்பே கடனை அடைக்கக் கம்பெனிக்கு உள்ள உரிமை) இருக்கிறதா. கால் இருந்தால், வட்டி குறையும் காலத்தில் கம்பெனி பணத்தைத் திருப்பித் தந்துவிடும்; ஏறும்போது நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட்

நிஃப்டி குறியீட்டில் உள்ள 50 கம்பெனிகளின் பங்குகளையும் அதே விகிதத்தில் வாங்கும் ஃபண்ட் இது. இங்கே நஷ்டம் கண்ணெதிரே நடக்கும். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்குக் கீழே போனது. திரும்ப 21,000 பார்த்தது 2010 நவம்பரில். 2020இல் நிஃப்டி ஜனவரியின் 12,400லிருந்து மார்ச்சில் 7,600க்கு இறங்கி, நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியது. ஒரு முறை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், மறுமுறை பத்து மாதங்கள். எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே இதன் உண்மையான ரிஸ்க். மூன்று ஆண்டில் வரும் கல்லூரிக் கட்டணத்துக்கு இது ஆகாது.

ஆனால் 50 கம்பெனிகளில் ஒன்று மூழ்கினால் போவது அதன் பங்களவு மட்டுமே. ஒன்று பத்து மடங்கானால் அந்த லாபத்துக்கு உச்சவரம்பு கிடையாது. கம்பெனி பாண்டில் இல்லாத இந்த வாய்ப்புக்காகத்தான் ரிஸ்க் எடுக்க வேண்டும். வரியும் சாதகம்: ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5%.

இரண்டையும் சேர்த்து வைத்தால்

10 லட்சத்தில் 6 லட்சம் நிஃப்டி ஃபண்ட், 4 லட்சம் அரசு பாண்ட் என்று வைப்போம். சந்தை 40% விழுந்தால் ஃபண்ட் 3.6 லட்சமாகும், மொத்தம் 7.6 லட்சம். 60:40க்குத் திரும்ப பாண்டில் 96,000 ரூபாய் விற்று, மலிவாகக் கிடக்கும் ஃபண்டை வாங்க வேண்டும்.

அந்த 4 லட்சம் தரம் குறைந்த கம்பெனி பாண்டுகளில் இருந்தால் இதைச் செய்யவே முடியாமல் போகலாம். பங்குச் சந்தை விழும் அதே வாரங்களில் அவற்றுக்கும் வாங்க ஆள் இருக்காது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் இத்தகைய பாண்டுகளில் முதலிட்ட ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது நினைவிருக்கும். முதலீட்டாளர்களுக்குப் பணம் 2021 பிப்ரவரி முதல் தவணை தவணையாகத் திரும்பியது. நிஃப்டி 9,000ஐ ஒட்டிக் கிடந்தபோது அது கைக்கு எட்டவில்லை.

அரசு பாண்டிலும் எதை விற்பது என்பது முக்கியம். 2, 5, 10 ஆண்டு என்று பிரித்து வைத்திருந்தால் முதலில் விற்க வேண்டியது 2 ஆண்டுப் பத்திரத்தை. வட்டி எந்தப் பக்கம் போயிருந்தாலும் அதன் விலை 100ஐ விட்டு வெகுதூரம் நகர்ந்திருக்காது.