ஓ.ஜே.எஸ். – சின்ன ஆய்விதழுக்கு இந்த மென்பொருள் தாங்குமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமில் செம்பனை நிரை முடிகிற இடத்தில் பல்கலைக்கழகம் தொடங்கிவிடுகிறது. 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாக ஆரம்பித்த சுல்தான் இட்ரிஸ், இன்று கல்வியியல் பல்கலைக்கழகம். பேராங், சிலிம் ரிவர் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பகலில் பாடம் நடத்திவிட்டு இரவில் முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ எழுதும் ஆசிரியர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள் அல்லர். அவர்கள் எந்த ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பப் போனாலும் பெரும்பாலும் ஒரே கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது: ஆய்விதழை இணையத்தில் நடத்த உதவும் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஓ.ஜே.எஸ். அந்த மென்பொருள் பற்றிய மதிப்பீடு இது. பக்க அழகு, இதழ் வெளியீடு எல்லாம் இங்கே வேண்டாம். கட்டுரை வந்து சேர்ந்ததிலிருந்து ‘ஏற்கிறோம்’ அல்லது ‘மன்னிக்கவும்’ என்ற கடிதம் போகிறவரை நடக்கும் சக மதிப்பாய்வை, அதாவது துறை அறிந்த பிறர் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்வதை, அது எப்படிக் கையாள்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

செய்தவர்கள் கனடாக்காரர்கள். ஜான் வில்லின்ஸ்கி 1998-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட்டின் பிள்ளை இது. முதல் பதிப்பு 2001-இல் வந்தது. இப்போது நாம் பார்க்கும் முகம் 2016-இல் வெளியான மூன்றாம் தலைமுறையுடையது. மென்பொருளுக்கு ஒரு காசு கொடுக்க வேண்டாம். பெரிய பதிப்பகங்கள் பயன்படுத்தும் ஸ்காலர்ஒன், எடிட்டோரியல் மேனேஜர் போன்றவை கட்டணம் கேட்பவை. வருடத்துக்கு இரண்டு இதழ், இதழுக்கு எட்டுப் பத்துக் கட்டுரை போடும் தமிழ் ஆய்விதழ் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் இலவசம் என்பதைச் செலவே இல்லை என்று படித்துவிடக் கூடாது. சர்வர் வாடகை உண்டு, இணைய முகவரிக்குக் கட்டணம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக அதைப் பார்த்துக்கொள்ளக் கை தேர்ந்த ஆள் ஒருவர் வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால் இதை நிறுவவே வேண்டாம்.

உள்ளே வந்த கட்டுரை நான்கு அறைகளைக் கடக்கிறது: சமர்ப்பிப்பு, மதிப்பாய்வு, பிரதி திருத்தம், தயாரிப்பு. முதல் அறையில் பதிப்பாசிரியர் ஒருவரிடம் கட்டுரையை ஒப்படைக்கிறார்கள். இதழின் எல்லைக்குள் வராததையும் வெட்டி ஒட்டியதையும் இங்கேயே திருப்பிவிட வேண்டும். தமிழில் ஆய்வு படித்துக் கருத்துச் சொல்லக்கூடியவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், அவர்களுடைய நேரத்தை வீணாக்க மனம் வராது. தேறிய கட்டுரையை இரண்டாம் அறைக்கு அனுப்பும்போது எந்தக் கோப்புகள் கூடப் போக வேண்டும் என்று குறி போடச் சொல்கிறது. முதல் சறுக்கல் இங்கேதான். கட்டுரையாளர் பெயர், பள்ளி, தொலைபேசி எண் எல்லாம் அடங்கிய தலைப்புப் பக்கத்துக்கான குறியை எடுக்காமல் அனுப்பிவிட்டால், மதிப்பாய்வாளர் திறக்கும் முதல் கோப்பே அதுவாக இருக்கும்.

மதிப்பாய்வாளரைச் சேர்க்கும்போது இரண்டு தேதி கேட்கும்: ஒப்புக்கொள்கிறாரா என்று பதில் சொல்லும் நாள், மதிப்பாய்வு தரும் நாள். தொடக்க அமைப்பில் இரண்டுக்கும் நான்கு வாரம். முதலாவதை அப்படியே விடக் கூடாது. ‘முடியாது’ என்ற ஒரு வார்த்தைக்காக ஒரு மாதம் காத்துக் கிடந்து, பிறகு அடுத்த ஆளைத் தேடினால் கட்டுரை அந்த இதழில் ஏறாது. பதிலுக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் போதும். மதிப்பாய்வுக்கு நான்கு வாரம் சரியான அளவு. தீபாவளி வாரத்தையும் பள்ளி ஆண்டு முடிவையும் கணக்கில் எடுத்துத் தேதியைக் கையால் மாற்றிக்கொள்ளலாம்.

அழைக்கப்பட்டவர் பார்ப்பது நான்கு படி: ஒப்புதல், வழிகாட்டி, பதிவிறக்கி எழுதுவது, முடித்தது. மூன்றாவது படியில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று கட்டுரையாளரும் பதிப்பாசிரியரும் பார்ப்பது, மற்றது பதிப்பாசிரியர் மட்டும் பார்ப்பது. ‘இந்த ஆளுக்கு ஆய்வு முறையே தெரியவில்லை’ என்று மனம் திறந்து எழுதுவதற்கு இரண்டாவது பெட்டி. இடம் மாறி விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டாம். கடைசியில் ஆறு பரிந்துரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்: ஏற்கலாம், திருத்தம் தேவை, திருத்தி மறு மதிப்பாய்வு, வேறு இதழுக்கு அனுப்பட்டும், நிராகரிக்கலாம், கருத்தைப் பார்க்கவும்.

இந்தக் கட்டம் முழுக்கப் பதிப்பாசிரியரின் திரையில் ஒரு பட்டியலாகத் தெரிகிறது. அழைப்பு போனது, பதில் தாமதம், ஒப்புக்கொண்டார், மதிப்பாய்வு தாமதம், வந்துவிட்டது. தோட்டத்தில் காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவதுபோல, யார் வேலைக்கு வந்தார் யார் வரவில்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். புலனத்தில் (வாட்ஸ்அப்) ‘ஐயா, அந்தக் கட்டுரை என்னாச்சுங்க?’ என்று தேடித் தேடிக் கேட்பவர்களுக்கு இந்த ஒரு பட்டியலே போதும், மென்பொருளை மெச்ச.

இனி, பெயர் மறைப்பு. ஓ.ஜே.எஸ். மூன்று வகை தருகிறது: இருவர் பெயரும் மறைவு, மதிப்பாய்வாளர் பெயர் மட்டும் மறைவு, இரண்டும் வெளிப்படை. இருபக்க மறைவைத் தேர்ந்தெடுத்தால் திரையில் பெயர் வராது. அதோடு அதன் வேலை முடிந்தது. கோப்புக்குள் இருப்பதை அது தொடாது. வேர்டு கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் உட்கார்ந்திருக்கும். அனுப்பும் முன் வேர்டில் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ போய்ச் சொந்த விவரங்களை நீக்க வேண்டும். மதிப்பாய்வாளருக்கும் இதே வேலைதான்: ஓரக் குறிப்பு போட்டுத் திருப்பி அனுப்பும் கோப்பில் ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். நீக்கியபின் எல்லாக் குறிப்பும் ‘ஆத்தர்’ என்று மாறியிருந்தால் சரி. கோப்பின் பெயரையும் பார்க்க வேண்டும்; சொந்தப் பெயரைக் கோப்புக்கு வைப்பதுதான் பலரின் பழக்கம்.

இவ்வளவும் செய்தபின்னும் நம் வட்டத்தில் மறைவு மெல்லிய திரைதான். ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் நான்காம் ஆண்டில் பன்னிரண்டு பிள்ளைகளின் வாசிப்புத் திறன் பற்றிக் கட்டுரை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது. அந்த வகுப்பு ஆசிரியர் யார் என்று மாவட்டத்துக்கே தெரியும். பின்னிணைப்பில் கல்வி அமைச்சின் ஆய்வு அனுமதிக் கடிதம், அதில் ஆய்வாளர் பெயர். நன்றியுரையில் தலைமையாசிரியர். ‘என் முந்தைய கட்டுரையில் காட்டியதுபோல்’ என்ற வரி வேறு. மதிப்பாய்வுப் படியில் பள்ளியை ‘பேராக் தென்பகுதியிலுள்ள, குறைந்த மாணவர் எண்ணிக்கை கொண்ட பள்ளி’ என்று எழுதி, கடிதத்தையும் நன்றியுரையையும் கழற்றித் தனிக் கோப்பாகத் தரச் சொல்ல வேண்டும். ஏற்றபின் திரும்பச் சேர்க்கலாம். இதை எந்தப் பொத்தானும் செய்யாது. சமர்ப்பிப்புக்கு முன் வரும் சரிபார்ப்புப் பட்டியலை இதழே எழுதிக்கொள்ளலாம். அதில் இந்த வரிகளைத் தமிழில் போட்டு வைப்பது மட்டுமே வழி.

இதழ் மேலாளர் என்ற பொறுப்பின் அனுமதி இன்னொரு ஓட்டை. அந்தப் பொறுப்பு உள்ளவர் இதழின் எல்லாக் கட்டுரைகளையும், எல்லா மதிப்பாய்வாளர் பெயர்களையும் பார்க்கலாம். மரியாதைக்காக ஆசிரியர் குழு முழுவதற்கும் மேலாளர் பொறுப்பு கொடுத்துவிடுகிறவர்கள், குழுவில் ஒருவர் தன் கட்டுரையையே அனுப்பும் நாளில் விழிப்பார்கள். அந்தப் பொறுப்பு ஒருவருக்கு, அல்லது இருவருக்குப் போதும். மற்றவர்களுக்குப் பகுதிப் பதிப்பாசிரியர் பொறுப்பு போதும். ஒப்படைத்த கட்டுரை மட்டும் கண்ணில் படும்.

மின்னஞ்சலுக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண், அதுவும் தாராளமாக. நிறுவியவுடன் இருக்கும் அமைப்பில் கடிதங்கள் சர்வரிலிருந்து நேராகக் கிளம்பிக் குப்பைக் கோப்புறையில் போய் விழும். மதிப்பாய்வாளர் பதில் போடவில்லை என்று குறைபடுவதற்கு முன், அவருக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். அனுப்புநர் இடத்தில் பதிப்பாசிரியரின் ஜிமெயில் முகவரி இருந்து, கடிதம் வேறு சர்வரிலிருந்து புறப்பட்டால், பெறும் பக்கம் அதைப் போலி என்று தள்ளிவிடும். மருந்து இரண்டு: அமைப்புக் கோப்பில் எஸ்.எம்.டி.பி. (அஞ்சல் அனுப்பும் சர்வர்) விவரங்களைக் கொடுத்து முறையான அஞ்சல் கணக்கு வழியாக அனுப்புவது. அனுப்புநர் முகவரியை இதழின் சொந்த இணைய முகவரியில் (டொமைன்) வைப்பது. இதழ் தொடங்கும் முன் ஒரு போலிக் கட்டுரையைப் போட்டு, இரண்டு மூன்று வெவ்வேறு அஞ்சல் கணக்குகளுக்கு அழைப்பு அனுப்பிப் பார்த்துவிட வேண்டும்.

தானியங்கி நினைவூட்டல் என்று ஒன்று உண்டு. தேதி தாண்டி எத்தனை நாளில் கடிதம் போக வேண்டும் என்று எண் மட்டும் கொடுத்துவிட்டு, போகும் என்று நம்புகிறார்கள். பல நிறுவல்களில் அது மட்டும் போதாது. நேரப்படி ஓடும் பணிகள் அமைப்புக் கோப்பில் திறந்திருக்கின்றனவா, சர்வரில் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) போன்ற ஒன்று தினமும் அவற்றைத் தட்டி எழுப்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

அழைப்புக் கடிதத்தைத் தமிழில் எழுதலாம், எழுதவும் வேண்டும். ‘மதிப்பிற்குரிய ஐயா, அம்மா’ என்று தொடங்கும் கடிதத்துக்குக் கிடைக்கும் பதில், இயந்திர ஆங்கிலக் கடிதத்துக்குக் கிடைக்காது. ஒரே எச்சரிக்கை: வளைந்த அடைப்புக்குள் டாலர் குறியோடு இருக்கும் சொற்களைத் தொடாதீர்கள். ஒரு எழுத்து மாறினாலும் மதிப்பாய்வு இணைப்பு செத்துவிடும். கடவுச்சொல் இல்லாமல் ஒரே சொடுக்கில் உள்ளே வரும் இணைப்பையும் திறந்து வையுங்கள். மூத்த பேராசிரியர்களுக்கு அது பெரிய உபகாரம். அவர்கள் கைப்பேசியில் எழுதினால், தோட்டப் பக்கத்தில் இணையம் வந்து வந்து போகும் என்பதால், முதலில் வேர்டில் எழுதி வைத்துப் பிறகு ஒட்டச் சொல்லுங்கள். ‘பிறகு பார்க்கச் சேமி’ பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தும் முன் லைன் போனால் எழுதியது போனதுதான்.

முடிவுக் கடிதத்தில் நடக்கும் தவறு மிகச் சாதாரணமானது. பழைய பதிப்புகளில் மதிப்பாய்வாளரின் கருத்துகள் தாமாகக் கட்டுரையாளரிடம் போவதில்லை. அவற்றில் கடிதம் எழுதும் பெட்டியில் மதிப்பாய்வுகளைச் சேர்க்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் ஏற்றிய கோப்பைத் தனியாக இணைக்க வேண்டும். மறந்தால் ‘திருத்தம் தேவை’ என்ற மொட்டைக் கடிதம் போகும், எதைத் திருத்துவது என்று கேட்டு மறுகடிதம் வரும். கட்டுரையாளர் பக்கத் தவறு வேறு: திருத்திய படியைப் பழைய சமர்ப்பிப்பின் திருத்தப் பெட்டியில் ஏற்றாமல் புதிய கட்டுரையாகவே அனுப்பிவிடுவது. வரலாறு இரண்டாகக் கிழிந்துவிடும். எங்கே ஏற்ற வேண்டும் என்ற இணைப்பை முடிவுக் கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போடுங்கள்.

மதிப்பாய்வாளர் உண்மையான ஆள்தானா என்பதையும் மென்பொருள் பார்க்காது. பதிவு செய்யும் எவரும் ‘மதிப்பாய்வுக்கு அழைக்கலாம்’ என்ற கட்டத்தில் குறி போடலாம், இயந்திரங்களும் போடுகின்றன. 2014-இல் சேஜ் பதிப்பகம் ஒரே ஆய்விதழிலிருந்து 60 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது, 2015-இல் ஸ்பிரிங்கர் 64 கட்டுரைகளை. இரண்டிலும் மதிப்பாய்வுகள் போலி. கட்டுரையாளரே பரிந்துரைத்த பெயரும் ஜிமெயில் முகவரியும் வந்தால், பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த ஆளின் முகவரியை ஒத்துப் பாருங்கள். ஓர்க்கிட் எண், அதாவது ஆய்வாளருக்கான தனி அடையாள எண், கேளுங்கள்.

நிறுவும்போது இரண்டு இடத்தில் கண் வேண்டும். தரவுத்தள இணைப்பின் எழுத்துக் குறியாக்கம் யூ.டி.எஃப்.-8 ஆக இல்லையென்றால் தமிழ்த் தலைப்பு வரிசையாகக் கேள்விக்குறியாகிவிடும். ஏற்றிய கோப்புகள் தங்கும் கோப்புறை, இணையம் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் வெளிவராத கட்டுரையைக் கூகுளே காட்டிக்கொடுக்கும். காப்பு எடுக்கும்போது தரவுத்தளம் ஒரு நாள், கோப்புறை வேறொரு நாள் என்று எடுத்தால் இரண்டும் ஒட்டாது.

வருடத்துக்குப் பத்துக் கட்டுரைகூட வராத இதழ் இவ்வளவுக்கும் இறங்க வேண்டாம். கட்டுரை எண், வந்த நாள், இரு மதிப்பாய்வாளர், அழைத்த நாள், கெடு, முடிவு என்று பத்திகள் போட்ட ஒரு எக்செல் தாளும், இதழுக்கென்று தனி மின்னஞ்சலும் போதும். அந்தத் தாளைப் பார்க்கும் அனுமதியை மட்டும் இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள்.